பாடு இல்லாத கூட்டம்

பழவேற்காடு ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு யாரும் பட்டா வைத்திருப்பதில்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலான பட்டினவர் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடையில் இறால் போய்வரும் முகத்துவாரத்தை ஒட்டி எங்கே வலை கட்டினால் பிடிபடும் என்பது ஊருக்குத் தெரியும். அந்த இடங்களை ஊர் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துக் கொடுக்கிறது. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்ச் சேராது; சுமாரான இடம் ஒருவர் தலையிலேயே விழவும் செய்யாது. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுவதும், திறப்பு இடம் நகர்வதும் அங்கே புதிதல்ல. நேற்றுவரை இறால் வந்த வழி இன்று மணல்திட்டாகக் கிடக்கும். ஆனாலும் யார் யார் பங்காளிகள், யாருடைய முறை எதுவரை வந்திருக்கிறது என்ற கணக்கு ஊரிடம் இருக்கிறது. இடம் போனாலும் கூட்டம் கலையாதிருக்க அந்தக் கணக்கு உதவுகிறது.

இணையத்தில் ரசிகர்கள் கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோன கதையை எடுத்துப் பார்த்தால், பழவேற்காட்டின் இந்த ஏற்பாடு நினைவுக்கு வராமல் போகாது. இளையராஜாவுக்கும் ஏ.ஆர். ரகுமானுக்கும் யாஹூவில் குழுமங்கள் இருந்தன. ஒரு பாட்டின் இடையிசையைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அங்கே இருந்தார்கள். 2019 அக்டோபரில் யாஹூ தன் குழுமங்களின் பழைய பதிவுகளை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டது. 2004இல் வந்த ஆர்குட்டில் பிரேசிலுக்கு அடுத்தபடியாக இந்தியர்கள்தான் அதிகம் இருந்தார்கள். நடிகருக்கு ஒரு குழு, அவருடைய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குழு, ஊருக்கு ஒரு குழு என்று கல்லூரிப் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்துக் கிடந்தார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் போனது. பொதுக் குழுக்களின் பதிவுகளை கூகுள் கொஞ்ச காலம் ஆவணமாக வைத்திருந்து, பின்னர் அதையும் எடுத்துவிட்டது. அங்கிருந்து முகநூல், ட்விட்டர், டிக்டாக், இன்ஸ்டாகிராம் என்று கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நடையிலும் சிலர் பின்தங்கிவிடுகிறார்கள். அடுத்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களிடம் பழைய சூடு இல்லை என்பதைப் பல ரசிகர்கள் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆர்வம் குறைவதற்குத் தளம் மாறுவதே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. இடம் மாறினாலேயே கூட்டம் செத்துவிடும் என்றால் பழவேற்காட்டில் எப்போதோ பாடு முறை செத்திருக்கும். என் கருத்து இதுதான்: இணைய ரசிகர் கூட்டங்கள் எங்கே கூடினாலும், உறுப்பினர் பட்டியல், பழைய பேச்சு, யார் எப்போது பேசலாம் என்ற முறை ஆகிய மூன்றும் கூட்டத்தின் கையில் இருந்ததில்லை. அவை நிறுவனத்தின் கையில் இருந்தன. நிறுவனம் கடையைக் கட்டும்போது மூன்றும் அதோடு போகின்றன. அடுத்த இடத்துக்கு வருகிறவர் வெறும் கையோடு வருகிறார், ஒரு புது ஆளாக வருகிறார். இரண்டு முறை, மூன்று முறை அப்படி வந்தபின் நான்காவது முறை வர மனம் வராது. இந்தக் களைப்பைத்தான் நாம் ஆர்வக் குறைவு என்று படிக்கிறோம்.

தமிழ்நாட்டில் ரசிகர் கூட்டம் இணையத்தால் பிறந்ததல்ல என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வசதி இருக்கிறது. கடலோரக் குப்பங்களில் எம்.ஜி.ஆருக்கு இருந்த பிடிப்பு தெரிந்த கதை. ‘படகோட்டி’ 1964இல் வந்தது. அவர் முதலமைச்சரான 1977ஆம் ஆண்டிலேயே ‘மீனவ நண்பன்’ வந்தது. அந்தக் கால ரசிகர் மன்றத்தின் உடைமைகளை எண்ணிப் பாருங்கள்: பெயரும் எண்ணும் எழுதிய ஒரு பலகை, ஒரு கீற்றுக் கொட்டகை அல்லது டீக்கடை பெஞ்சு, தலைவர், செயலாளர், பொருளாளர், செயலாளர் கையில் நீளவாட்டில் மடித்த ஒரு சந்தா நோட்டு. படப்பெட்டி வந்து இறங்கும் நாளில் யார் மாலை போடுவது, யார் கொடி கட்டுவது, கட்-அவுட்டுக்கு யார் எவ்வளவு தருவது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். நடிகரிடம் போய்ச் சேர வேண்டிய பட்டியலும் அதிலிருந்துதான் எழுதப்படும். தியேட்டர் இடிக்கப்பட்டாலும், டீக்கடை கைமாறினாலும் நோட்டு செயலாளர் வீட்டுப் பரணில் இருக்கும். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டு, அந்த மாதமே தனிக்கட்சி தொடங்கியபோது ஊர் ஊராக மன்றங்கள் கிளைகளாக மாறியதற்கு அவருடைய செல்வாக்கு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. சினிமாவிலிருந்து அரசியல் என்பதைவிடப் பெரிய தளமாற்றம் எது? அதைக்கூட அந்தக் கூட்டம் தாங்கியது.

இதற்கு முதல் மறுப்பு வயது. ஆர்குட் காலத்துப் பையனுக்கு இன்று கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, இஎம்ஐ இருக்கிறது. அவன் எதற்கு நடிகருக்காக இரவு விழிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் திரையரங்குகள் வேறு பதில் சொல்கின்றன. 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலாக மெருகேற்றப்பட்டு மறுபடி வெளியானபோதும், 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் மறுபடி வந்தபோதும் நரைத்த தலைகள் மாலையோடு வந்து நின்றன. 2004இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மீண்டும் திரைக்கு வந்தபோது அரங்குகள் புதுப்படம்போல் நிரம்பின. ‘கில்லி’யைப் பற்றி ஆர்குட்டில் எழுதப்பட்டவை இன்று இணையத்தில் எளிதில் கிடைப்பதில்லை. எழுதியவர்களுக்கு வயது கூடியிருக்கிறது, பொறுப்பு கூடியிருக்கிறது. இருந்தும் இருட்டில் ஒன்றாக உட்காரும் இடம் கிடைத்தவுடன் குரல் திரும்ப வந்தது. பாடத் தெரிந்தவர்கள் பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் சேர்ந்து பாடினார்கள். ஆர்வம் ஆளுக்குள் அப்படியேதான் இருந்திருக்கிறது. கூடுவதற்கு ஓர் இடமில்லாமல்தான் அது அடங்கிக் கிடந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மன்றப் பலகையின் கீழ் பெண்ணுக்கு இடம் இருந்ததா? சேரிப் பையனுக்குச் செயலாளர் பதவி சுலபமாகக் கிடைத்ததா? பாலாபிஷேகம், கைகலப்பு, கட்சிக்காரரின் கைக்கூலி என்றெல்லாம் மன்றங்களின் பேரில் இருக்கும் குற்றச்சாட்டுகள் பொய்யா? பொய் இல்லை. இதிலும் பழவேற்காட்டையே பார்க்கலாம். பாடு முறையை அழகான பழைய ஏற்பாடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. அந்தப் பங்கு பட்டினவர் குடும்பங்களின் ஆண்களுக்கு உரியது. ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்ற சாதியார், தலித் மீனவர்கள், இருளர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அங்கே பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும், பிடிபட்டதை வாயருகே தொங்கும் பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். முறைக்கு வெளியே இருப்பவரின் உழைப்பு அந்த ஏரியில் அப்படி நடக்கிறது. இணையத்துக்கு முந்தைய காலத்தில் ரசிகைகளின் ஆர்வமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது: வானொலிக்கு அஞ்சலட்டை, நோட்டுப் புத்தக அட்டைக்குள் ஒட்டிய படம், தோழியிடம் தாழ்ந்த குரலில் ஒரு பேச்சு. யாஹூவும் ஆர்குட்டும் அவர்களை முதல் தடவையாகச் சமமாக உட்கார வைத்தன. இணையம் திறந்த அந்தக் கதவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

டிக்டாக் அதை இன்னும் கீழே, இன்னும் அகலமாகத் திறந்தது. எழுதத் தெரிய வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், நல்ல கேமரா வேண்டாம். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே வசனத்துக்கு வாயசைக்கலாம், படகின் அணியத்தில் நின்று ஆடலாம். அதை ஆபாசம் என்று சொல்லி, 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பதிவிறக்கத்துக்குத் தடை விதிக்கச் சொன்னது. மூன்று வாரத்தில் தடையை விலக்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று, எல்லைச் சண்டையை அடுத்து மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக் அவற்றில் ஒன்று. இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தடை சரியா தவறா என்பது இங்கே என் பொருளல்ல. என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். இரண்டே வாரத்தில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது; மோஜ் வந்தது; இன்னும் சில உள்நாட்டுச் செயலிகள் வந்தன, அவற்றில் பல பின்னர் ஒன்றோடொன்று கலந்தன அல்லது அடங்கின. இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் யாரைப் பின்தொடர்ந்தோம், நம்மை யார் பின்தொடர்ந்தார்கள் என்ற பட்டியலை எவராலும் கையோடு கொண்டுவர முடியவில்லை. பறியைப் பல்லில் கடித்து நாள் முழுக்கச் சேர்த்ததை ஒரே நொடியில் தண்ணீர் கொண்டுபோனதுபோல் ஆயிற்று. கதவைத் திறந்துவிட்ட நிறுவனம் உள்ளே வந்தவர்களுக்குப் பங்கு எழுதித் தரவில்லை. ஆகவே மன்றம் ஒதுக்கியது என்ற குற்றச்சாட்டுக்கு இணையம் முழுப் பதிலாகாது. ஒதுக்கப்பட்டவர்களை அது உள்ளே விட்டது, ஆனால் குடியிருப்பு உரிமை இல்லாமல் விட்டது.

முறை என்ற விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஆர்வம் வற்றுவதன் ஊற்றுக்கண் இங்கேதான் இருக்கிறது. பாடு முறையில் இன்று ஒன்றும் கிடைக்காதவர் பொறுத்திருப்பதற்குக் காரணம், தன் நாள் வரும் என்பது அவருக்கு உறுதி. பழைய குழுமத்திலும் இந்த உறுதி ஓரளவு இருந்தது. கடிதங்கள் வந்த வரிசையில் வரும். புதியவர் எழுதியதும் மூத்தவர் எழுதியதும் அடுத்தடுத்து நிற்கும். ட்விட்டர் 2016இல் நேர வரிசையை விட்டு, தானே பொறுக்கி எடுத்ததை முதலில் காட்டத் தொடங்கியது. முகநூல் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளை முன்னே கொண்டுவந்து, பொதுப் பக்கங்களைப் பின்னே தள்ளியது. பல ஆண்டு உழைத்து லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்த ரசிகர் பக்கங்களின் குரல் அவர்களுக்கே கேட்காமல் போனது. இன்று ஒரு ரசிகர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பின்னணி இசையைப் பற்றி எழுதுகிறார். அது பத்துப் பேருக்குக் காட்டப்படும், அல்லது பத்து லட்சம் பேருக்குக் காட்டப்படும். எது என்று அவருக்குத் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. நல்ல இடம் எப்போதும் ஏற்கெனவே பெரிய வலை வைத்திருப்பவருக்கே போகிறது. தன் முறை வராது என்று தெரிந்த மீனவர் எத்தனை நாள் கரையில் நிற்பார்?

நிற்பவர்களும் வேறு வேலைக்குத் திருப்பப்பட்டார்கள். எண்ணிக்கைதான் கண்ணுக்குத் தெரியும் ஒரே அளவு என்றான பிறகு, ரசனையைப் பேசுவதைவிட டிரெண்ட் செய்வது முக்கியமாகிவிட்டது. தென்னிந்தியப் படங்களில் முதலாவதாக 2017இல் ‘மெர்சல்’ ட்விட்டரில் தனி எமோஜி பெற்றபோது அது ஒரு வெற்றி விழாவாகவே கொண்டாடப்பட்டது. இரண்டே ஆண்டில், 2019 ஜூலையில், உயிரோடு இருக்கும் ஒரு நடிகருக்கு இரங்கல் சொல்லும் ஹேஷ்டேக் எதிர் முகாமால் நாடு முழுவதும் டிரெண்ட் ஆக்கப்பட்டது. தெருவில் மன்றங்களும் அடித்துக்கொண்டன, போஸ்டர் கிழித்துக்கொண்டன. ஆனால் மறுநாள் அதே தெருவில் முகத்தில் முழிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூச்சம் ஒரு கடிவாளம். முகமில்லாத கணக்குகளுக்கு அது இல்லை. பேச வந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தச் சண்டையைப் பார்த்துச் சத்தமில்லாமல் விலகியதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

அஜித் ரசிகர்களைக் காட்டி என்னை மறுக்கலாம். 2011இல் அவர் தன் மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில் ‘தல’ என்று அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பலகையும் இல்லை, செயலாளரும் இல்லை, பட்டப்பெயரும் இல்லை. இருந்தும் அவர் படம் வரும் நாளில் இணையமும் திரையரங்கும் அதிர்கின்றன. அமைப்பே இல்லாமல் ஆர்வம் வாழும் என்பதற்கு இது சான்றாகாதா? வெளியீட்டு நாளுக்குச் சான்றாகும். அந்த நடிகரின் முடிவை நான் மதிக்கிறேன். தன் பெயரால் நடப்பதற்குப் பொறுப்பேற்க முடியாதபோது பெயரைத் திரும்பப் பெறுவது கண்ணியமானது. ஆனால் படங்களுக்கு இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்தக் கூட்டம் எதைச் செய்கிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். மதுரை ரசிகர் மன்றங்களை ஆராய்ந்து 1993இல் நூல் எழுதிய மானுடவியலாளர் சாரா டிக்கி, மன்றத்துப் பையன்கள் செய்த ரத்ததானம், நோட்டுப் புத்தகம் வழங்குதல் முதலான வேலைகளையும் அவை அவர்களுக்குத் தந்த மரியாதையையும் கவனித்துப் பதிவுசெய்தார். கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி மன்றங்களாகவே மாற்றினார். படம் இல்லாத மாதத்திலும் கூடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. வெளியீட்டு நாளில் மட்டும் உயிர்பெறும் கூட்டம், ஒவ்வொரு முறையும் மூன்று நாள் வெள்ளமாக வந்து வடிந்துவிடுகிறது.

கூட்டம் தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டால் இணையத்திலும் நிலைக்க முடியும் என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் உண்டு. 1998 பொங்கலையொட்டி, வெளிநாடுகளில் வாழ்ந்த சில தமிழார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்தது. அவர்கள் தொடங்கியபோது யூனிகோடு தமிழ் புழக்கத்தில் இல்லை. தனி எழுத்துருவில் அடித்தார்கள். திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறை வந்ததும் அதற்கு மாற்றினார்கள். யூனிகோடு வந்ததும் மறுபடி எல்லாவற்றையும் மாற்றினார்கள். அவர்கள் பார்த்த தளமாற்றம் எந்த ரசிகர் கூட்டமும் பார்க்காதது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முந்தைய உழைப்பு கையோடு வந்தது, ஏனென்றால் கோப்புகள் அவர்களிடம் இருந்தன. யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவைச் சுமக்கும் ஈழத்தமிழர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கியதும் அதே மனநிலையில்தான். உலகத்தில் இன்னொரு உதாரணமும் சொல்லலாம். கதை ரசிகர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்களை 2007இல் லைவ்ஜர்னல் நிறுவனம் திடீரென்று முடக்கியது. கோபம் கொண்ட ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், லாப நோக்கற்ற ஓர் அமைப்பைத் தொடங்கி, சொந்தப் பணத்தில் சர்வர் வாங்கி, 2009இல் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற களஞ்சியத்தைத் திறந்தார்கள். 2019இல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. இன்றும் அது ரசிகர் நன்கொடையில்தான் ஓடுகிறது. மன்றம் ஒதுக்கிய ரசிகைகள் எப்படிப்பட்ட மன்றம் கட்டுவார்கள் என்று கேட்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

சினிமாப் பைத்தியம் வற்றினால் நல்லதுதானே, இதற்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கூட்டம் தன்னைத் தானே எப்படி வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு நடிகரைவிடப் பெரிய விஷயம். பாட்டைப் பற்றிப் பேசக் கூடியவர்கள்தான் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் எங்கே வேண்டும் என்று இரவெல்லாம் பதிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று, அலை, மீன் விலை எல்லாம் இன்று கடலோரத்தில் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. அந்தக் குழுவும் ஒரு நிறுவனத்தின் நிலம்தான், அட்மினின் கைப்பேசி தொலைந்தால் அங்கேயும் குழப்பம்தான். ரசிகர்களுக்கு நடந்தது ரசிகர்களோடு நின்றுவிடாது. ஆர்வத்தில் கூடிய கூட்டம் முதலில் அனுபவித்ததை, பிழைப்புக்காகக் கூடிய கூட்டமும் ஒருநாள் அனுபவிக்க நேரும்.

செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. குழு நடத்துகிறவர்கள் உறுப்பினர் பெயரும், அவர்கள் சம்மதித்தால் தொடர்பு எண்ணும் தளத்துக்கு வெளியே ஒரு பட்டியலாக வைக்கலாம். ஒருவரிடம் மட்டும் வேண்டாம், இருவரிடமாவது இருக்கட்டும்; அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல பதிவுகளைத் தரவிறக்கிச் சேமிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் புதியவர் ஒருவருக்குப் பேச முறைவைக்கலாம். அன்று மூத்தவர்கள் படிக்கட்டும். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைக்கூடப் பத்திரப்படுத்தியிருக்கிறது. சல்லிக்காசுக்கு விற்ற அந்தத் தாள்கள் இன்று ஆய்வாளர்களுக்கு மூலப்பொருள். அவற்றை எடுத்து வைத்தவர்கள் அவை குப்பைக்குப் போவதற்கு முன்னால் எடுத்து வைத்தார்கள். ஆர்குட்டில் ‘கில்லி’யைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் பலருக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டியிருக்கும். பழைய கணினியின் மூலையில், எரித்து வைத்த ஒரு சிடியில், அவர்களிடம் ஒரு பக்கமாவது மிச்சமிருக்கக்கூடும். இப்போது தேடினால் கிடைக்கும்.